பாதை எப்படி ஓடும்?

வவுனியாவிலிருந்து மாற்றலாகி வந்த முதற் கிழமை,
வெள்ளாவெளி சுற்றி பஸ்ஸில் வந்த நாட்களில்,
பத்து பி வகுப்புக் கொப்பி ஒன்றில்
'நேத்துப் பாதை ஓடல்ல' என்றிருந்ததைச்
சிவப்பால் வளைத்து ஓரத்தில் எழுதினேன்:
பாதை எப்படி ஓடும்? பொருட்பிழை.

அடுத்த திங்கள் குறுமண்வெளித் துறையில்
ஒன்பது மோட்டார் சைக்கிள்,
ஒரு ஐஸ் பெட்டி, இரண்டு உர மூட்டை,
சீருடைப் பிள்ளைகள், ஒரு புதுக் கதவு,
கடைசியாக என்னையும் ஏற்றிக்கொண்டு
பாதை ஓடியது.
மண்டூர்க் கரையில் இறங்கும்வரை
நான் குடையை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தேன்.
சிவப்பு மைக்கு அழிறப்பர் இல்லை.

கார்த்திகையில்
'மழைக்காலத்தில் ஒரு நாள்' எழுதச் சொன்னேன்.
முப்பத்தொரு கொப்பி.
இருபத்தாறில் வானம்
கருமேகங்களால் சூழப்பட்டிருந்தது.
களுவாஞ்சிகுடி டியூஷனில் கொடுத்த போட்டோக்கொப்பி
அவ்வளவு வீட்டிலும் ஒரே நேரத்தில் பெய்திருக்கிறது.

பிரிஸ்டல் போர்ட் வாங்கி
தடை செய்யப்பட்ட சொற்கள் என்று தலைப்பிட்டுச்
சுவரில் ஒட்டினேன்:
கருமேகம். இயற்கை அன்னை.
துள்ளிக் குதித்தேன்.
என்றால் மிகையாகாது.

'அப்ப என்னத்த மிஸ் எழுதுற?'

இருபது நிமிடம் ஒருவரும் எழுதவில்லை.
துவாரகேஷ் திகதியைப் போட்டு
அடிமட்டம் வைத்து இரண்டு முறை கோடிட்டான்.
மின்விசிறியின் ஒரு செட்டை மட்டும்
கிறீச்சிட்டுக்கொண்டே சுற்றியது.
மணி அடிக்கும்போது லோஜிதன்
கொப்பியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.

'ஆறு பெருத்திட்டு. பாதை ஓடல்ல.
அம்மா கிளினிக் போய் அந்தப் பக்கம்.
நான் இந்தப் பக்கம்.
ராவைக்கு நான் டோர்ச் அடிச்சன்.
அங்கயும் ஒரு டோர்ச் அடிச்சிச்சு.
அது அம்மாடயா எண்டு தெரியா.
நான் திரும்பவும் அடிச்சன்.'

மின்சூள் என்று திருத்தப் போன பேனை
பாதியில் நின்றது.
அந்த மழையில் மின்சூள் எரிந்திருக்காது.
அம்மாட, அம்மாவின் ஆகியிருந்தால்
அக்கரையில் நின்றது
வேறு யாரோவின் தாய்.

ஆனாலும் புள்ளித்திட்டம் புள்ளித்திட்டம்தான்.
நூற்றைம்பது சொல் வேண்டும்,
முன்னுரை வேண்டும், முடிவுரை வேண்டும்.
பதினைந்துக்கு நான்கு போட்டேன்.
கூப்பிட்டுச் சொன்னேன்:
நல்லா இருக்கு. நீட்டு.

'எத மிஸ் நீட்டுற? ஆத்தையா?'

வகுப்பு சிரித்தது.
நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.

மூன்றாம் தவணைப் பரீட்சையில் அவன் நீட்டியிருந்தான்.
வானம் கருமேகங்களால் சூழப்பட்டிருந்தது.
மயில்கள் தோகை விரித்தாடின.
அம்மா இல்லை. டோர்ச் இல்லை. எழுத்துப்பிழையும் இல்லை.
பதினொன்று.
தாளை வாங்கிப் பார்த்தவன் முகத்தில்
பிழை பிடிக்க எதுவுமில்லை.
அந்தப் பதினொன்று அவனுக்குத் தேவையாயிருந்தது.
நான் வேறென்ன சொல்லட்டும்.

அதே கட்டின் அடியில்
கேமதர்ஷினியின் தாள்.
ஆண்டு முழுவதும் வரவுக்கு மட்டும் வாய் திறந்தவள்.

'கருமேகம் எண்டு எழுதப்படாதெண்டு மிஸ் சொன்னவ.
ஆனா அண்டைக்கு வட்டைக்குள்ள நாங்க நிக்கக்குள்ள
அது கறுப்பாத்தான் வந்திச்சு.
வெட்டின கதிர் எல்லாம் தரையில கிடந்திச்சு.
அப்பா அதப் பார்த்தார்.
பிறகு எங்களப் பார்த்தார்.
நான் வேற என்னெண்டு எழுத?'

கதிரையை இழுத்துப் போட்டு ஏறி நின்று
பட்டியலின் முதற் சொல்லை
அதே சிவப்பால் வெட்டினேன்.
இயற்கை அன்னை
இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.
தாள்களை ஷொப்பிங் பையில் சுற்றி நெஞ்சோடு பிடித்தபடி
இரண்டு மணிப் பாதையைப் பிடிக்க
ஓடினேன்.